வரலாற்றுப் படங்களில் நாம் எங்கே?

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இராசராச சோழன் எப்படி இருந்தான் என்று கேட்டால் நம் பெரியவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது சிவாஜி கணேசனின் முகம். கட்டபொம்மன் எப்படிப் பேசினான் என்று கேட்டால் காதில் ஒலிப்பதும் அவருடைய குரலே. வரலாற்று நூலை விரித்துப் படித்தோர் சிலர். வரலாற்றைத் திரையில் பார்த்தோர் கோடிப் பேர். ஆகவே, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், திரைப்படமும் தொலைக்காட்சியும் நம் மக்களுக்கு வரலாற்று ஆசிரியர்களாக அமைந்துவிட்டன. ஆசிரியர் சொல்வதைக் கேட்பது மட்டும் கல்வி அன்று. அவரைக் கேள்வி கேட்கவும் தெரிவதே கல்வி. அந்த முறையில்தான் இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

வரலாற்றுப் படம் ஒவ்வொன்றும் இரண்டு காலங்களைக் காட்டுகிறது. ஒன்று, அது சொல்லும் காலம். மற்றொன்று, அது எடுக்கப்பட்ட காலம். முன்னதை உடையிலும் அரண்மனையிலும் காண்கிறோம். பின்னதை, யாரை நடுவில் நிறுத்தினார்கள், யாரை ஓரத்தில் நிறுத்தினார்கள், யாரை அடியோடு மறந்தார்கள் என்பதில் காணலாம்.

இதைச் சொல்வதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்நிறுவனத்திலிருந்தே வந்தது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட ‘உத்தம புத்திரன்’ 1940இல் அதே நிறுவனம் தந்த அரசகதை. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’க்கு மு. கருணாநிதி கதை உரையாடல் எழுதினார், எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கினார்.

அந்த ‘மந்திரி குமாரி’யைச் சற்று உற்று நோக்குவோம். கதையின் வேர் குண்டலகேசியில் இருக்கிறது. படத்தில் வருவதோ கற்பனையான ஒரு முல்லை நாடு. அங்கே அரசனை ஆட்டிவைக்கிறார் ராஜகுரு. அவருடைய மகனே இரவில் கொள்ளைக்காரன். மதகுருவின் சொல்லுக்கு அரசன் தலையாட்டும் அவலத்தை, திராவிட இயக்கம் தமிழ்நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நாளில், மக்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள்? முடியும் வாளும் பழங்காலத்தவை. சொல்லப்பட்ட செய்தி 1950ஆம் ஆண்டுக்கு உரியது. ஆயினும் அந்தப் போராட்டம் அரசவைக்குள் நடந்த போராட்டம். அரசவைக்கு நெல் அளந்தவனும் கோட்டைக்குக் கல் சுமந்தவனும் அதில் கதைமாந்தர்கள் அல்லர்.

படத்தில் இடம் பெறாத நம் மக்கள் கொட்டகையில் இடம் பெற்றார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலையைக் கண்ட முதல் இடம் திரையரங்கே என்ற கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி முன்வைத்தார். அங்கே தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேற்றுமை இருந்தது. ஆனால் அது காசு வகுத்த வேற்றுமை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்களிலும், டூரிங் கொட்டகையின் மணல் தரையில் இன்னாருக்கு இன்ன மூலை என்று கோடு கிழிப்பது எளிதாக இருக்கவில்லை. நம் மக்கள் திரைப்படத்தை அவ்வளவு நேசித்ததற்கு இதுவும் ஒரு காரணம். திருச்செங்கோட்டுப் பகுதியின் எழுத்தாளர் பெருமாள்முருகன், திரையரங்கில் வேலை செய்யும் சிறுவர்களின் வாழ்வை ‘நிழல்முற்றம்’ என்று நாவலாகவே எழுதியிருக்கிறார்.

இனி, நம்மவரை நடுவில் நிறுத்திய பழைய படங்கள் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது நந்தனார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார் தில்லைக்குச் சென்று, தீயில் மூழ்கி எழுந்து, மறைமுனிவர் வடிவுடன் கோயிலுக்குள் புகுகிறார். அவரைத் தடுத்து நிறுத்தும் பண்ணையார் அதில் இல்லை. வேதியர் என்னும் அந்தப் பண்ணையாரைப் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். தஞ்சை வயல்களில் பண்ணையாளின் நிலையைக் கண்ட ஒரு காலத்தின் கண், பழைய கதைக்குள் புதிய ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பின்னர்ப் பேசும் படம் வந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். 1942இல் ஜெமினியின் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டுக்கும் இடையில், 1939 சூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்த, கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் நுழைவு உரிமையைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் வழங்கிய சட்டம் 1947இல் வந்தது. நாடெங்கும் கோயில் நுழைவு பேசப்பட்ட அந்தக் காலமே நந்தனாரைத் திரைக்கு அழைத்து வந்தது.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. திரையில் நந்தன் கெஞ்சுகிறான், கண்ணீர் வடிக்கிறான், இறுதியில் நெருப்பில் இறங்குகிறான். உள்ளே செல்ல அவன் தன் உடலையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மதுரையில் நுழைந்தவர்களோ பிறந்த உடலோடு நுழைந்தார்கள். கக்கன் தீக்குளித்துவிட்டுச் செல்லவில்லை. நிமிர்ந்து நடந்து சென்றார். பக்தியையும் பாட்டையும் நாம் போற்றுவோம். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டியது எது என்பதை இந்த வேறுபாட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது மதுரை வீரன். யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் உரையாடலோடு, எம்.ஜி.ஆர். நடித்து 1956இல் வெளிவந்த படம். பல ஊர்களில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. நம் குலசாமியைத் திரையிலே கண்டபோது நம் மக்கள் அடைந்த பூரிப்பு கொஞ்சநஞ்சம் அன்று. அருந்ததியர் குலத்துப் பெற்றோராக என். எஸ். கிருஷ்ணனும் மதுரமும் நடித்தார்கள். ஆனால் அவர்கள் வளர்ப்புப் பெற்றோர். வீரனைப் பெற்றவன் அரசன் என்றும், காட்டிலே விடப்பட்ட குழந்தையை நம்மவர் எடுத்து வளர்த்தனர் என்றும் கதை செல்கிறது. இது படம் எடுத்தவர்கள் புதிதாகப் புனைந்தது அன்று. காசிராசன் மகன் என்று கதைப்பாடலிலேயே வருகிறது. பாடலில் இப்பகுதி பின்னால் ஒட்டப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எது எப்படியாயினும், அது சொல்லும் பொருளை நாம் கண்டுகொள்ள வேண்டும். வீரம் இருக்க வேண்டுமென்றால் அரச இரத்தம் இருக்க வேண்டும். சேரியில் பிறந்தவனுக்கு இத்தனை வீரம் வந்திருக்க முடியாது என்பதே அதன் உட்பொருள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட துன்பம் மட்டும் நம்மவனுக்கு. பிறப்பின் பெருமை வேறொருவருக்கு!

அடுத்து, நாம் இருந்தும் காட்டப்படாத படங்களுக்கு வருவோம். 1973இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, மணிரத்னம் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தது. பெரிய கோயிலைக் கண்டு வியக்காதவர் யார்? நானும் வியக்கிறேன். ஆனால் அதே கோயிலின் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். ஊர்களின் நிலத்தை அளந்து எழுதும்போது, வரி நீங்கலான இடங்களாக ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அக்கல்வெட்டுகளில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்பதற்கு அரசனுடைய கல்லே சான்று! கல் மறைக்கவில்லை, படங்களின் கவனம்தான் அரண்மனையை விட்டு அந்தப் பக்கம் வரவில்லை.

நம் கொங்கு நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையில், பொன்னர் சங்கரோடு இணைபிரியாது நிற்பவர் பறையர் குலத்துச் சாம்புவன். அண்ணன்மார் கோயில்களில் அவருக்கும் சிலை உண்டு. 2011இல் ‘பொன்னர் சங்கர்’ திரைக்கு வந்தது. படத்தின் பெயரில் சகோதரர் இருவர். நாட்டார் நினைவில் மூவர். சங்ககிரிக் கோட்டைக்குப் போகிறோம். 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் என்று தலை வணங்குகிறோம். அவருடைய படையில் இருந்து, அதே ஆண்டில் உயிர் கொடுத்த அருந்ததியர் குல வீரர் பொல்லானின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? காலணிக்குள் ஓலையை வைத்துத் தைத்துச் சின்னமலைக்குச் செய்தி அனுப்பினார் என்று நம் மரபு சொல்கிறது. செருப்புத் தைக்கும் தொழில் இழிவென்று சொன்னவர்களுக்கு, அந்தத் தொழிலே படைக்கு உளவுத்துறையாக நின்ற கதை இது.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘தமஸ்’ என்னும் தொடர் வந்தது. பீஷ்ம சாஹனியின் நாவல் அது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரமே கதைப்பொருள். அத்தனை பெரிய வரலாற்றை அவர் தலைவர்களின் மாளிகையில் தொடங்கவில்லை. தோல் பதனிடும் தொழிலாளியான நத்து என்பவனின் குடிசையில் தொடங்கினார். ஏதோ மருத்துவருக்குத் தேவை என்று பொய் சொல்லி, ஒரு பன்றியைக் கொல்லும்படி ஒருவன் நத்துவை ஏவுகிறான். மறுநாள் அது மசூதியின் படிக்கட்டில் கிடக்கிறது; ஊர் பற்றி எரிகிறது. ஓம் பூரி நடித்த அந்த நத்துவின் முகத்தை மறக்க முடியாது. கலகத்தின் முதற்பொறியை ஏழையின் கையில் வைப்பார்கள். வைத்தவர்கள் பின்னால் மறைந்துகொள்வார்கள். தொடரைத் தடுக்க வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் தடுக்க மறுத்தது. ஒடுக்கப்பட்டவனின் வாயிலிலிருந்து பார்த்தால் நாட்டு வரலாறு எப்படித் தோன்றும் என்பதற்கு இத்தொடர் நல்ல சான்று.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை ஜப்பார் படேல் படமாக எடுத்தார். மம்முட்டி அண்ணலாக நடித்தார். 2000ஆம் ஆண்டுக்குரிய அப்படம் தமிழ்க் குரலோடு நம் மாநிலத் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தது 2010 டிசம்பரில்தான். 2014இல் ஷியாம் பெனகல் அரசமைப்புச் சட்டம் உருவான வரலாற்றை ‘சம்விதான்’ என்று பத்துப் பகுதிகளாக மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்கு எடுத்தார். வாளும் குதிரையும் இல்லாமல், ஒரு மண்டபத்தில் மனிதர் அமர்ந்து வாதிடுவதே பெரும் வரலாற்று நாடகம் ஆகலாம் என்று அது காட்டியது. சட்டம் படிக்க விரும்பும் நம் மாணவர்கள் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் தமிழ்த் திரையில் காற்று திசை மாறியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்பிடித்துச் செல்லப்பட்டவர்களின் துயரைப் பாலாவின் ‘பரதேசி’ 2013இல் காட்டியது. பூமணியின் ‘வெக்கை’யைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ 2019இல் வந்தது. பஞ்சமி நிலம் என்ற சொல் அதன் பிறகு அரசியல் மேடைகளில் மீண்டும் ஒலித்தது. 1892ஆம் ஆண்டின் அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது. பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024இல் கோலார் தங்கவயலின் கதையைச் சொன்னது. அதில் வரும் ஆரத்தி என்னும் மாயப் பெண் கற்பனை. கதை நிகழும் காலமும் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வருவதற்கு முற்பட்டது. ஆனால் அன்றைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்று சுரங்கத்தில் இறங்கிய நம் முன்னோர் கற்பனை அல்லர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களின் பேரப்பிள்ளைகள் வேலை இழந்து நின்றதும் கற்பனை அன்று.

இளைஞர்களே! இங்கே இரண்டு எச்சரிக்கைகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, நம்மவர் எடுத்த படமாயினும் அதுவும் படமே. மற்றவர் படத்தில் பிழை தேடும் கண்ணை, நமக்குப் பிடித்த படம் ஓடும்போது மூடிக்கொள்ளலாகாது. யாருடைய கண் வழியே கதை சொல்லப்படுகிறது? ஓரத்தில் நிற்பவருக்குப் பெயர் உண்டா? நம் பெண்கள் அழுவதற்கு மட்டும் வருகிறார்களா, முடிவெடுக்கவும் வருகிறார்களா? எது சான்று, எது கற்பனை? எந்தப் படமானாலும் இந்த வினாக்களைக் கேளுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. அரசகதைகளைப் பார்த்துப் பார்த்து, “ஆண்ட பரம்பரை” என்ற சொல்லில் ஒரு மயக்கம் நாட்டில் பரவியிருக்கிறது. இராசராசன் எங்கள் சாதியே என்று பல சாதிகள் சுவரொட்டி ஒட்டுகின்றன. நம் இளைஞர்களில் சிலரும், இழிவைத் துடைக்க இதுவே வழி என்று எண்ணி, நாங்களும் ஆண்டவர்களே என்று மார்தட்டப் புறப்படுகிறார்கள். அவர்களுடைய நெஞ்சின் காயம் எனக்குத் தெரியும். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். ஆண்டோம் என்று நிறுவினால்தான் மதிப்பு என்றால், ஆளாதவனுக்கு மதிப்பில்லை என்ற விதிக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம்! மதுரை வீரனுக்கு அரசனைத் தந்தையாக்கியவர்கள் செய்ததை, நமக்கு நாமே செய்துகொள்கிறோம். நம்முடைய மதிப்பு முடியில் இல்லை. ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் மேட்டுக்காடுகளைத் தோட்டங்களாக்கிய கிணறுகளை வெட்டியது யார் கை? மின்மோட்டார் வருவதற்கு முன், கவலையிலே மாடு பூட்டி இறைத்த காலத்தில், நீரைச் சுமந்துவந்த தோல் தும்பியைத் தைத்தது யார் கை? அந்தக் கை இல்லையென்றால் வெள்ளாமை இல்லை. வெள்ளாமை இல்லையென்றால் அரண்மனையும் இல்லை. இந்த வரலாற்றுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை; இதை மறைத்தவர்களே வெட்கப்பட வேண்டும்.

எனின், நாம் செய்ய வேண்டியது யாது? அமெரிக்க நாட்டில் 1977 சனவரியில், அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ என்னும் நூல் தொலைக்காட்சித் தொடராக எட்டு இரவுகள் ஒளிபரப்பானது. அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குண்டா கிண்டேயின் வழிவந்தோர் கதை அது. அதைக் கண்ட கருப்பின மக்களில் பலர் அழுததோடு நிற்கவில்லை. தங்கள் பாட்டன் பூட்டன் யார் என்று ஆவணக் காப்பகங்களுக்குச் சென்று தேடத் தொடங்கினார்கள். ஹேலியின் குடிவழிக் கணக்கில் பிழைகள் உண்டென்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆயினும் அத்தேடல் நிற்கவில்லை. படம் தூண்டியது; ஆவணம் திருத்தியது. நாமும் செல்ல வேண்டிய வழி இதுவே.

நம் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். பழைய பட்டா, கடன் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், விடுதியில் எடுத்த குழுப் புகைப்படம், தோட்டத்துக்குச் சென்றவர் எழுதிய கடிதம் எதையும் அடுப்பிலே போடாதீர்கள். ஊரில் டி.சி. நிலம் என்று பெரியவர்கள் எதையேனும் சுட்டினால், கிராமக் கணக்கில் அதன் சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எண்பது வயதைக் கடந்த பாட்டியிடம் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், எந்தப் பண்ணையத்தில் என்ன கூலி வாங்கினார், எந்தக் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டது, முதன்முதலில் பிள்ளையை எப்படிப் பள்ளிக்கு அனுப்பினார் என்று கேளுங்கள். உங்கள் கையிலுள்ள கைப்பேசியிலேயே அவர் குரலைப் பதிவு செய்யலாம். அந்த முதியவள் மறைந்தால் அவளோடு ஒரு நூலகமே மண்ணுக்குள் போகிறது. பிறகு எந்த இயக்குநர் வந்தாலும் எடுப்பதற்குக் கதை இராது, அவருடைய கற்பனை ஒன்றே இருக்கும்.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரியை இத்தகைய ஆவணங்களுக்கென்று ஒதுக்குங்கள். திங்கள்தோறும் ஒரு வரலாற்றுப் படத்தை மாணவர்களுக்குத் திரையிட்டு, முடிந்ததும் ஒருமணி நேரம் அவர்களையே பேச விடுங்கள். பார்த்ததைப் பற்றிப் பேசக் கற்றவன் எழுதக் கற்பான். எழுதக் கற்றவன் ஒருநாள் படம் எடுக்கவும் கற்பான். கவலை இறைத்த கையின் கதையை, பொல்லானின் கதையை, இரவுப்பள்ளியில் அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கற்ற தலைமுறையின் கதையை நம் மண்ணிலிருந்தே ஒரு பெண்ணோ பையனோ எழுதும் நாள் வரவேண்டும். இச்சங்கம் பொன்விழாக் காணும்போது அந்தப் படத்தை இதே மேடையில் திரையிட வேண்டும் என்பது என் ஆசை.